ஹார்டு டிஸ்க் வாங்கப் போறீங்களா? குடும்ப போட்டோக்களைக் காப்பாற்ற வீட்டுக்கு ஒரு குட்டி சர்வர்!

கீரனூரில் எங்கள் வீட்டு பீரோவில், அம்மாவின் பட்டுப் புடவைகளுக்கு நடுவே ஒரு கறுப்பு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் இருந்தது. அக்காவின் கல்யாண வீடியோ, அவள் மகனின் காதுகுத்து, அப்பத்தாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு எடுத்த ஒன்றரை மணி நேர வீடியோ... எல்லாம் அதில்தான். நகைக்கு அடுத்தபடியாக வீட்டில் பத்திரமாக வைக்கப்பட்டிருந்த பொருள் அதுதான்.

அப்பத்தா இறந்து ஒரு வருஷம் ஆனபோது, சொந்தக்காரர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். பிறந்தநாள் வீடியோவை டிவியில் போடலாம் என்று டிஸ்க்கை எடுத்து லேப்டாப்பில் செருகினோம். 'டக்... டக்... டக்...' என்று ஒரு சத்தம். அதற்கு மேல் எதுவும் வரவில்லை.

திருச்சியில் டேட்டா மீட்டுக் கொடுக்கும் ஒரு கடைக்குக் கொண்டுபோனோம். "உள்ளே ஹெட் போயிடுச்சு, தட்டுலயும் கீறல் விழுந்திருக்கு" என்றார்கள். அவர்கள் கேட்ட தொகைக்கு புதிதாக நாலு டிஸ்க் வாங்கலாம். அப்போதும் வீடியோ திரும்பக் கிடைக்கும் என்று உறுதி சொல்லவில்லை. கல்யாண வீடியோ எடுத்த ஸ்டூடியோவில் கேட்டால், "ஒரு வருஷத்துக்கு மேல நாங்க வெச்சிருக்க மாட்டோம் தம்பி" என்றார்கள்.

கடைசியில் கிடைத்தது சிங்கப்பூரில் இருக்கும் அத்தையின் போனில் இருந்து ஒரு 40 விநாடி துண்டு. வாட்ஸ்அப்பில் எப்போதோ அனுப்பியது. அப்பத்தா கேக்கைப் பார்த்து, "இத யாரு திங்கிறது?" என்று கேட்கிற இடம். அவர் குரல் இப்போது எங்களிடம் இருப்பது அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் வீட்டில் ஒரு முடிவு எடுத்தோம். பீரோ டிஸ்க்கை நம்பக் கூடாது. ஒரு 'நாஸ்' வைக்க வேண்டும்!

நாஸ் என்றால் என்ன?

வீட்டு வைஃபை ரவுட்டரோடு இணைத்து வைக்கும் ஒரு சின்னப் பெட்டி. உள்ளே ஒன்றோ, இரண்டோ, நாலோ ஹார்டு டிஸ்க். வீட்டில் உள்ள எல்லோருடைய போனிலும் எடுக்கும் போட்டோ, வீடியோ தானாகவே அதற்குள் போய்ச் சேரும். சுருக்கமாக, வீட்டுக்கான சொந்த கிளவுட். கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1 முதல் அளவில்லாத இலவச சேமிப்பை நிறுத்தி, எல்லாவற்றையும் 15 ஜி.பி. கணக்குக்குள் கொண்டுவந்த பிறகு, இந்தப் பக்கம் திரும்பிய குடும்பங்கள் அதிகம்.

சைனாலஜி, கியூநாப் போன்ற நிறுவனங்களின் ரெடிமேட் பெட்டிகள் இருக்கின்றன. பழைய கம்ப்யூட்டரில் ட்ரூநாஸ், ஓப்பன் மீடியா வால்ட் போன்ற இலவச மென்பொருளைப் போட்டும் செய்யலாம். ஆனால், பெட்டி போனால் வேறு பெட்டி வாங்கிக்கொள்ளலாம். டிஸ்க் போனால் உள்ளே இருப்பது போனதுதான். அதனால் கவனம் முழுக்க டிஸ்க் மீதுதான் இருக்க வேண்டும்.

எவ்வளவு இடம் தேவை?

கடைக்குப் போகும் முன் ஒரு கணக்கு. போனில் எடுக்கும் ஒரு போட்டோ சராசரியாக 4 எம்.பி. என்று வைத்துக்கொண்டால், 1 டி.பி.யில் இரண்டரை லட்சம் போட்டோக்கள் அடங்கும். இடத்தை விழுங்குவது வீடியோதான். ஒரு நிமிட ஃபுல் எச்.டி. வீடியோ 100 எம்.பி.யைத் தொடும். 4கே என்றால் அதைப்போல மூன்று, நான்கு மடங்கு.

வீட்டில் உள்ள எல்லா போன், பென் டிரைவ், பழைய லேப்டாப்பில் இருப்பதைக் கூட்டுங்கள். அதை மூன்றால் பெருக்குங்கள். அடுத்த நாலைந்து வருடத்துக்கு அது போதும். பெரும்பாலான குடும்பங்களுக்கு 4 டி.பி. தாராளம்.

4 டி.பி. வாங்கி விண்டோஸ் கம்ப்யூட்டரில் போட்டால் 3.63 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. அந்த வித்தியாசம்தான்.

ஓட்டு வீடு மாதிரி ஒரு டிஸ்க்

ஹார்டு டிஸ்க் வாங்குபவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு சொற்கள்: சி.எம்.ஆர்., எஸ்.எம்.ஆர்.

ஹார்டு டிஸ்க்கின் உள்ளே வட்டத் தட்டுகள் இருக்கும். அதில் வரி வரியாகத்தான் தகவல் எழுதப்படும். சி.எம்.ஆர். வகையில் வரிகள் தனித்தனியாக இருக்கும். எஸ்.எம்.ஆர். வகையில், ஓட்டு வீட்டுக் கூரையில் ஒரு ஓட்டின் மேல் அடுத்த ஓடு கொஞ்சம் ஏறி உட்காருவதைப் போல, ஒரு வரியின் மேல் அடுத்த வரி ஏறி உட்காரும். அதே தட்டில் கூடுதல் இடம் கிடைக்கும், விலையும் குறையும்.

சிக்கல் எங்கே? கூரையில் நடுவில் ஒரு ஓட்டை மாற்ற, மேலே உள்ள ஓடுகளையும் எடுத்து மறுபடி அடுக்க வேண்டும் அல்லவா? இங்கேயும் அதே கதைதான். ஒரு வரியைத் திருத்த, பக்கத்து வரிகளையும் எடுத்துத் திரும்ப எழுத வேண்டும். சும்மா போட்டோவைக் காப்பி செய்து பீரோவில் வைக்க இது போதும். ஆனால், நாஸில் ஒரு டிஸ்க் கெட்டு, புது டிஸ்க்கைப் போட்டு மொத்தத் தகவலையும் அதில் மறுபடி எழுதும்போது எஸ்.எம்.ஆர். திணறிவிடும். சில மணி நேர வேலை நாள்கணக்கில் இழுக்கும். சில சமயம், 'இந்த டிஸ்க்கும் கெட்டுவிட்டது' என்று நினைத்து சர்வர் அதையும் வெளியே தள்ளிவிடும்.

இது 2020-ல் உலக அளவில் பெரிய சர்ச்சையானது. நாஸுக்கென்றே விற்கப்பட்ட வெஸ்டர்ன் டிஜிட்டலின் 'ரெட்' வரிசையில் 2 முதல் 6 டி.பி. வரையிலான சில டிஸ்க்குகள் எஸ்.எம்.ஆர். வகை என்பது வெளியில் சொல்லப்படாமலே இருந்தது. வாடிக்கையாளர்கள் கண்டுபிடித்துக் கேள்வி எழுப்பிய பிறகு, எந்த மாடல் எந்த வகை என்ற பட்டியலை நிறுவனம் வெளியிட்டது. சி.எம்.ஆர். டிஸ்க்குகளுக்கு 'ரெட் பிளஸ்' என்று தனிப் பெயரும் வைத்தது.

எனவே, வாங்கும் முன் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள விவரத்தாளில் 'சி.எம்.ஆர்.' என்று இருக்கிறதா எனப் பாருங்கள். இல்லையென்றால் நாஸுக்கு வேண்டாம்.

கடையில் எதைக் கேட்பது?

உலகத்தில் இப்போது ஹார்டு டிஸ்க் தயாரிக்கும் நிறுவனங்கள் மூன்றே மூன்று. சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. வேறு பெயரில் எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கினாலும் உள்ளே இருப்பது இவற்றில் ஒன்றுதான். ஒவ்வொன்றிலும் பல வரிசைகள் உண்டு.

* சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க்: சீகேட் பாரகுடா, வெஸ்டர்ன் டிஜிட்டல் புளூ போன்றவை. விலை குறைவு. பாரகுடாவுக்கு வாரன்டி 2 வருடம், வருடத்துக்கு 55 டி.பி. வரை எழுதிப் படிக்கலாம் என்று நிறுவனமே வரம்பு சொல்கிறது. இவற்றில் பல மாடல்கள் எஸ்.எம்.ஆர்.

* நாஸ் டிஸ்க்: சீகேட் ஐயன்வுல்ஃப், வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் பிளஸ், தோஷிபா என்300. மூன்றுமே சி.எம்.ஆர். 24 மணி நேரமும் ஓடும்படி செய்யப்பட்டவை. வருட வரம்பு 180 டி.பி., வாரன்டி 3 வருடம். வீட்டுக்கு இதுதான் சரியான தேர்வு.

* பெரிய டேட்டா சென்டர் டிஸ்க்: சீகேட் எக்ஸோஸ் போன்றவை. வாரன்டி 5 வருடம், வருட வரம்பு 550 டி.பி. 12 டி.பி.க்கு மேல் தேவைப்படுபவர்களுக்கு ஒரு டி.பி. கணக்கில் சில சமயம் இதுவே மலிவாக வரும். ஆனால், சத்தம் அதிகம். ஹாலிலோ படுக்கை அறையிலோ வைத்தால் தூக்கம் போய்விடும்.

* சி.சி.டி.வி. டிஸ்க்: கீரனூர் மாதிரி ஊர்களில் கேமரா மாட்டும் கடைகளில் சட்டென்று கிடைப்பது வெஸ்டர்ன் டிஜிட்டல் பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக். இவையும் ஓய்வில்லாமல் ஓடக்கூடியவை. ஆனால், கேமரா வீடியோவை இடைவிடாமல் எழுதுவதற்கென்று பழக்கப்படுத்தப்பட்டவை. அவசரத்துக்கு நாஸில் போட்டால் ஓடும். விலை ஒன்றாக இருந்தால் நாஸ் டிஸ்க்கையே கேளுங்கள்.

எஸ்.எஸ்.டி. வாங்கலாமே என்று கேட்கலாம். வேகம் அதிகம், சத்தம் இல்லை. ஆனால், அதே இடத்துக்குப் பல மடங்கு விலை. போட்டோ, வீடியோ சேமிக்க அந்த வேகம் தேவையும் இல்லை.

எந்தக் கம்பெனி நல்ல கம்பெனி?

ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் ஒரு பதில் சொல்வார்கள். "எனக்கு அந்தக் கம்பெனி டிஸ்க் ரெண்டு போச்சு, வாங்காதே" என்பார்கள். ஒருவர் அனுபவம் உண்மைதான், ஆனால் இரண்டு டிஸ்க்கை வைத்து லட்சக்கணக்கான டிஸ்க்குகளை எடைபோட முடியாது.

எண்ணிக்கையோடு பேச ஒரு நிறுவனம் இருக்கிறது. அமெரிக்காவின் பேக்பிளேஸ், தன் டேட்டா சென்டரில் ஓடும் ஏறத்தாழ 3 லட்சம் டிஸ்க்குகளில் எந்த மாடல் எத்தனை கெட்டுப்போகிறது என்ற கணக்கைத் தொடர்ந்து வெளியிடுகிறது. 2024-ல் அவர்களுடைய டிஸ்க்குகள் பழுதான விகிதம் 1.57 சதவிகிதம். அதாவது, நூறு டிஸ்க் ஒரு வருடம் ஓடினால் ஒன்றோ இரண்டோ போகும்.

அந்தக் கணக்கில் இருந்து கிடைக்கும் முக்கியமான பாடம், கம்பெனியை விட மாடல்தான் முக்கியம் என்பது. 2012 வாக்கில் அவர்கள் வாங்கிய சீகேட்டின் ஒரு 3 டி.பி. மாடல் கொத்துக் கொத்தாகப் போனது. 2015-க்குள் பெரும்பாலானவற்றைக் கழற்றிவிட்டார்கள். அதே சீகேட்டின் வேறு மாடல்கள் வருடக்கணக்கில் பிரச்னை இல்லாமல் ஓடியிருக்கின்றன.

டிஸ்க் பெட்டியில் 'எம்.டி.பி.எஃப். 10 லட்சம் மணி நேரம்' என்று போட்டிருப்பார்கள். கணக்குப் போட்டால் 114 வருடம் வரும்! எந்த டிஸ்க்கும் அத்தனை வருடம் ஓடாது. நிறைய டிஸ்க் ஓடும்போது வருடத்துக்கு நூறில் ஒன்றுக்கும் கொஞ்சம் குறைவாகப் போகும் என்பதுதான் அதன் அர்த்தம். அந்த ஒன்று உங்கள் டிஸ்க்காகவும் இருக்கலாம்.

ரொம்ப மலிவாகக் கிடைக்கிறதா? கொஞ்சம் பொறுங்கள்!

விலையை ஒப்பிட எளிய வழி, டிஸ்க் விலையை டி.பி.யால் வகுப்பது. மிகச் சிறிய டிஸ்க்கில் ஒரு டி.பி.க்கான விலை எப்போதும் அதிகமாகவே வரும். ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் டிஸ்க்குகளை வாங்கிக் குவிப்பதால், 2025-ன் பிற்பகுதியில் இருந்து விலையும் ஏறுமுகம்தான்.

இந்த நேரத்தில் ஆன்லைனில் பாதி விலைக்கு ஒன்று கிடைத்தால் கை பரபரக்கும். ஆனால், 2025 ஜனவரியில் ஜெர்மனியின் ஹெய்ஸ என்ற தொழில்நுட்ப ஊடகம் வெளிக்கொண்டுவந்த விஷயத்தைக் கேளுங்கள். டேட்டா சென்டரில் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடிக் களைத்த சீகேட் டிஸ்க்குகளின் உள்கணக்கை அழித்து, 'புதுசு' என்று கடைகளில் விற்றிருக்கிறார்கள். இதில் தனக்குப் பங்கில்லை என்று சீகேட் சொன்னது. வாங்கியவர்கள் பலருக்கு, டிஸ்க்கின் ஆழத்தில் இருந்த இன்னொரு பதிவைப் பார்த்த பிறகுதான் உண்மை தெரிந்தது.

அதனால், பில் இல்லாமல் வாங்காதீர்கள். டிஸ்க்கின் மேல் உள்ள சீரியல் எண்ணை நிறுவனத்தின் வாரன்டி பக்கத்தில் போட்டுப் பாருங்கள். இந்தியாவில் வாரன்டி உண்டு, இன்ன தேதி வரை என்று வர வேண்டும். 'வாரன்டி இல்லை' என்று வந்தால் திருப்பிக் கொடுங்கள். 'ரீஃபர்பிஷ்டு' என்று வெளிப்படையாகச் சொல்லி விற்பதை வாங்குவது வேறு. அதை இரண்டாவது பிரதிக்கு வைத்துக்கொள்ளலாம், ஒரே பிரதிக்கு வேண்டாம்.

வாரன்டியில் டிஸ்க்குக்குத்தான் புது டிஸ்க் தருவார்கள். உள்ளே இருந்த போட்டோவுக்கு யாரும் பொறுப்பில்லை.

வீட்டுக்கு வந்ததும்...

1. பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். டிஸ்க் குலுங்காதபடி நல்ல பேக்கிங்கில் வந்திருக்கிறதா எனப் பாருங்கள். வெறும் கவரில் வந்தால் வாங்காதீர்கள்.

2. கம்ப்யூட்டரில் இணைத்து, கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறங்கள். எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும். புது டிஸ்க்குக்கு அது பூஜ்யமோ, ஒற்றை இலக்கமோதான் இருக்க வேண்டும். கெட்டுப்போய் மாற்றப்பட்ட பகுதிகள், மாற்றக் காத்திருக்கும் பகுதிகள் என்று இரண்டு வரிகள் இருக்கும். இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும்.

3. போட்டோக்களை ஏற்றும் முன் டிஸ்க் முழுவதையும் ஒரு முறை எழுதிப் படிக்கவிட்டுச் சோதியுங்கள். 4 டி.பி.க்கு ஒரு ராத்திரிக்கு மேல் ஆகும், ஆகட்டும். பலவீனமான டிஸ்க் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். மாற்றிக் கொடுக்கும் கெடுவுக்குள் தெரிந்துவிட்டால் நமக்கு லாபம்.

4. இரண்டு டிஸ்க் வாங்குவதாக இருந்தால் இரண்டு கடையில், அல்லது ஒரு மாத இடைவெளியில் வாங்குங்கள். ஒரே நாளில் தயாரான, ஒரே லாரியில் குலுங்கிவந்த இரண்டு டிஸ்க் ஒரே சமயத்தில் போக வாய்ப்பு அதிகம்.

இந்தச் சோதனைகளை மட்டும் நம்பி இருந்துவிடவும் முடியாது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து கூகுள் 2007-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. கெட்டுப்போன டிஸ்க்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை, மிக முக்கியமான நான்கு எச்சரிக்கைகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே போயிருந்தன. எங்கள் பீரோ டிஸ்க்கைப் போல!

கரன்ட் கணக்கும் கோடை வெயிலும்

இரண்டு டிஸ்க் போட்ட சின்ன நாஸ் பெட்டி சுமார் 20 வாட் எடுக்கும். நாள் முழுக்க ஓடினால் இரண்டு மாதத்துக்கு 29 யூனிட். பழைய டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் 60 வாட் எடுத்தால் அதுவே 86 யூனிட். இரண்டு மாதத்துக்கு நமக்குக் கிடைக்கும் இலவச யூனிட்டில் கணிசமான பங்கை அதுவே தின்றுவிடும். பழைய கம்ப்யூட்டர் சும்மா கிடைத்தாலும் கரன்ட் பில்லில் அதன் விலை தெரியும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று கரன்ட் போவது டிஸ்க்குக்கும் அதில் எழுதப்படும் ஃபைலுக்கும் ஆபத்து. சின்ன யு.பி.எஸ். ஒன்று அவசியம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அந்த லைனில் கொடுக்கலாம், ஆனால் கரன்ட் மாறும் நொடியில் நாஸ் அணையாமல் இருக்கிறதா என்று ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

புதுக்கோட்டை வெயிலைச் சொல்லவே வேண்டாம். மூடிய டிவி ஸ்டாண்டுக்குள்ளோ, ஜன்னல் வெயில் படும் இடத்திலோ நாஸை வைக்காதீர்கள். டிஸ்க்கின் வெப்பநிலை 40 டிகிரியை ஒட்டி இருந்தால் கவலை இல்லை. 50-ஐத் தாண்டினால் ஃபேனைத் துடைத்து, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள்.

இரண்டு டிஸ்க் போட்டால் போதுமா?

நாஸில் இரண்டு டிஸ்க் போட்டு, ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் அப்படியே எழுதவைக்கலாம். இதற்கு 'ரெய்டு 1' என்று பெயர். ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும். 4 டி.பி. டிஸ்க் இரண்டு போட்டால் 4 டி.பி. இடம்தான் கிடைக்கும்.

ஆனால், இது பேக்கப் ஆகாது. குழந்தை போனில் விளையாடும்போது ஒரு போட்டோவை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். வைரஸ் வந்தால் இரண்டிலும் வரும். இடி இறங்கினால், திருடு போனால், வெள்ளம் வந்தால் பெட்டியோடு போகும்.

2021 ஜூனில், வெஸ்டர்ன் டிஜிட்டலின் 'மை புக் லைவ்' என்ற பழைய நெட்வொர்க் டிஸ்க்கை இன்டர்நெட்டில் இணைத்து வைத்திருந்த உலகெங்கும் உள்ள பலர், காலையில் எழுந்தபோது டிஸ்க் காலியாகக் கிடந்ததைப் பார்த்தார்கள். 2015-க்குப் பிறகு பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன அந்தக் கருவிக்குள் யாரோ வெளியில் இருந்தே நுழைந்து எல்லாவற்றையும் அழித்திருந்தார்கள். நாஸை வீட்டு வைஃபைக்குள் மட்டும் வையுங்கள். அப்டேட் வந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

போட்டோகிராபர்கள் பல வருடங்களாகப் பின்பற்றும் விதி '3-2-1'. எதற்கும் 3 பிரதிகள், 2 வகையான கருவிகளில், அதில் 1 வேறு ஊரில். 2018 நவம்பர் 16-ம் தேதி அதிகாலை கஜா புயல் அடித்தபோது, நம் மாவட்டத்தில் எத்தனை வீட்டுக் கூரைகள் பறந்தன, எத்தனை நாள் கரன்ட் இல்லாமல் கிடந்தோம் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தக் கடைசி '1' ஏன் என்று புரியும்.

1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் பிரதி இல்லாத ஓலைச்சுவடிகளும் சேர்ந்து சாம்பலாயின. ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் ஸ்கேன் செய்து இணையத்தில் வைக்கும் 'நூலகம்' திட்டம் 2005-ல் தொடங்கியபோது, ஒரே இடத்தில் ஒரே பிரதி வைத்தால் என்ன ஆகும் என்பது அவர்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை.

எங்கள் வீட்டில் என்ன செய்தோம்?

இரண்டு டிஸ்க் நாஸ் பெட்டி ஒன்று. 4 டி.பி. நாஸ் டிஸ்க் ஒன்று திருச்சியிலும், ஒரு மாதம் கழித்து இன்னொன்று ஆன்லைனிலும் வாங்கினோம். டிவிக்குப் பக்கத்தில் திறந்த அலமாரியில், யு.பி.எஸ்.ஸோடு இருக்கிறது. எல்லோர் போனில் இருந்தும் ராத்திரியில் போட்டோக்கள் அதற்குள் போகின்றன. அம்மாவுக்கு அது என்ன பெட்டி என்று தெரியாது. "பச்சை லைட் எரியுதா?" என்று மட்டும் காலையில் ஒரு தடவை பார்த்துவிடுகிறார்.

மூன்றாவது பிரதிக்கு ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் புதுக்கோட்டையில் உள்ள சித்தப்பா வீட்டுக்குப் போகும்போது, புதிதாகச் சேர்ந்ததை அதில் ஏற்றி அங்கேயே வைத்துவிட்டு வருகிறோம். சித்தப்பா வீட்டு டிஸ்க் ஒன்று எங்களிடம் இருக்கிறது. செலவே இல்லாத 'வேறு ஊர்' ஏற்பாடு இது. ஏதாவது ஒரு பழைய வீடியோவை அதில் இருந்து திறந்து பார்ப்பதும் வழக்கம். திறக்காமல் விட்டதால்தானே முதல் டிஸ்க் எப்போது கெட்டது என்றே எங்களுக்குத் தெரியாமல் போனது?

எங்கள் ஊரில் இருந்து கொஞ்ச தூரத்தில்தான் குடுமியான்மலை. அங்கே பாறையில் வெட்டிய இசைக் கல்வெட்டு 1,200 வருடங்களுக்கு மேலாக அப்படியே நிற்கிறது. நாம் வாங்கும் டிஸ்க்குக்கு வாரன்டி மூன்று வருடம். ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை, அது நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும், புது டிஸ்க்குக்கு மாற்றித்தான் ஆக வேண்டும். வாங்கிய தேதியை டிஸ்க்கின் மேல் ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுங்கள்.

அத்தை அனுப்பிய அந்த 40 விநாடித் துண்டு இப்போது கீரனூரில், புதுக்கோட்டையில், சிங்கப்பூரில் என்று மூன்று இடங்களில் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு பீரோவைத் திறந்து, அந்த டிஸ்க்கை ஒருமுறை செருகிப் பாருங்கள். ஓடினால், அன்றைக்கே இன்னொரு பிரதி எடுத்துவிடுங்கள்.